கோப்பு இருக்கிறது, கைக்கு வருகிறதா?

ஆசிரியரின் மேசையில் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகள் கடந்த சில ஆண்டுகளில் கணினிக்கும் கைப்பேசிக்கும் இடம் மாறிவிட்டன. பாடநூல்களின் பிடிஎஃப், எண்ணும் எழுத்தும் கையேடுகள், புத்தாக்கப் பயிற்சிக் கட்டகங்கள், காலாண்டு அரையாண்டு வினாத்தாள்கள், விடைக்குறிப்புகள், நாமே தயாரித்த பயிற்சித்தாள்கள், குறுவள மையக் கூட்டத்தில் கிடைத்தவை, வாட்ஸ்அப் குழுவில் சக ஆசிரியர்கள் பகிர்ந்தவை என எல்லாம் சேர்ந்து நம் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு நூலகமே இருக்கிறது. ஆனால் நூல்கள் மட்டும் சேர்ந்தால் நூலகம் ஆகிவிடாது. எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பட்டியலும் வேண்டும். நம்மிடம் இல்லாதது அந்தப் பட்டியல்தான்.

நான் நடுநிலைப் பள்ளியில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் கற்பிக்கிறேன். என் கணினியில் இருக்கும் கோப்புகளுக்குக் குறிச்சொற்கள் இட்டு, தேடல் வரி எழுதி எடுக்கும் முறையை மூன்று கல்வியாண்டுகளாகப் பின்பற்றி வருகிறேன். இதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நாம் நடத்தும் ‘கண மொழி’ அளவுக்குத் தெரிந்தால் போதும். அந்த முறையை இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

கோப்புறை ஏன் போதவில்லை?

பெரும்பாலோர் கோப்புகளைக் கோப்புறைகளில் பிரித்து வைக்கிறோம். ‘வகுப்பு 6’ என்று ஒரு கோப்புறை, அதற்குள் ‘அறிவியல்’, அதற்குள் ‘முதல் பருவம்’. இது நல்ல பழக்கம்தான். ஆனால் கோப்புறைக்கு ஒரு குணம் உண்டு. ஒரு கோப்பு ஓர் இடத்தில்தான் இருக்க முடியும்.

பின்னங்களைப் பற்றிய ஒரு பயிற்சித்தாளை எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்புக்காகத் தயாரித்தது. ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில் திருப்புதலுக்கும் அது பயன்படும். ஏழாம் வகுப்பில் மெல்லக் கற்போருக்கும் பயன்படும். அதை எந்தக் கோப்புறையில் வைப்பது? மூன்றிலும் படியெடுத்து வைத்தால், ஒன்றில் பிழை திருத்தும்போது மற்ற இரண்டும் திருத்தப்படாமல் நிற்கும். ஒன்றில் மட்டும் வைத்தால், தேவைப்படும் நாளில் வேறொரு கோப்புறையில் தேடிக்கொண்டிருப்போம்.

கோப்பை வைக்கும்போது நாம் ஒரு வழியில் யோசிக்கிறோம். தேடும்போது வேறு வழியில் யோசிக்கிறோம். தேடும்போது நினைவில் இருப்பது ‘பின்னம்’, ‘படம் போட்டது’, ‘எளிமையானது’ போன்ற அடையாளங்கள். கோப்புறை ஓர் அடையாளத்தை மட்டுமே முதலில் கேட்கும். குறிச்சொல் முறையில் எல்லா அடையாளங்களையும் ஒரே கோப்பின் மேல் ஒட்டிவிடலாம். கோப்பு ஒன்றுதான். அதை அடையும் வழிகள் பல.

ஒரு கோப்புக்கு ஐந்து கேள்விகள்

இந்தச் சிந்தனை நம் ஊருக்குப் புதிதன்று. சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன், அதாவது இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று நாம் அறியும் எஸ். ஆர். ரங்கநாதன், அடிப்படையில் ஒரு கணித ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். 1933-இல் ‘கோலன் பகுப்பு’ என்னும் முறையை வெளியிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் முன்கூட்டியே ஓர் அறையை ஒதுக்கி வைக்காமல், நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, அந்த முகங்களை முக்காற்புள்ளியால் இணைத்து எண் தருவது அவர் கண்ட வழி. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவர் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது.

அவருடைய முறையை அப்படியே நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ‘பல முகங்கள்’ என்ற கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கோப்பிடமும் நான் ஐந்து கேள்விகள் கேட்கிறேன்.

1. எந்த வகுப்பு? (வகுப்பு 5, வகுப்பு 6)
2. எந்தப் பாடம்? (கணக்கு, அறிவியல், தமிழ்)
3. எந்தக் கருத்து? (பின்னங்கள், ஒளி, தாவர உலகம்)
4. என்ன வகை? (பயிற்சித்தாள், வினாத்தாள், விடைக்குறிப்பு, கையேடு, கதை)
5. யாருக்கு அல்லது எந்த நிலைக்கு? (மெல்லக் கற்போர், திருப்புதல், தொடக்க வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர்)

பதில்கள்தாம் குறிச்சொற்கள். மேலே சொன்ன பின்னப் பயிற்சித்தாளுக்கு ‘வகுப்பு 5, கணக்கு, பின்னங்கள், பயிற்சித்தாள், மெல்லக் கற்போர், திருப்புதல்’ என்று ஆறு குறிச்சொற்கள் வரும். எல்லாக் கோப்புக்கும் ஐந்து கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் முதல் நான்கையும் விடாமல் இடுவது நல்லது.

ஒரே ஒரு கட்டுப்பாடு முக்கியம். ஒரு பொருளுக்கு ஒரு சொல். இன்று ‘கணக்கு’, நாளை ‘கணிதம்’, மறுநாள் ‘மேக்ஸ்’ என்று இட்டால், தேடும்போது மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். நான் பயன்படுத்தும் குறிச்சொற்களை ஒரு தாளில் எழுதிக் கணினியின் அருகில் ஒட்டியிருக்கிறேன். புதிய சொல் வேண்டுமென்றால் முதலில் அந்தத் தாளில் எழுதிவிட்டுத்தான் கணினியில் இடுவேன்.

காலிபரில் நூலகம் அமைத்தல்

குறிச்சொல் இட்டுத் தேடுவதற்குப் பல மென்பொருள்கள் உள்ளன. நான் பயன்படுத்துவது காலிபர். கோவித் கோயல் 2006-இல் தொடங்கிய இந்தக் கட்டற்ற மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும், கட்டணம் இல்லை. மின்னூல்களுக்காக உருவானது என்றாலும் பிடிஎஃப், வேர்டு கோப்புகளையும் ஏற்கும். காணொளிகளுக்கும் ஒளிப்படங்களுக்கும் இதை நான் பயன்படுத்துவதில்லை, ஆவணங்களுக்கு மட்டுமே.

நிறுவியதும் ‘நூலகக் கோப்புறை எங்கே?’ என்று கேட்கும். ஓர் இடத்தைக் காட்டிவிட்டு, மேலே உள்ள ‘ஆட் புக்ஸ்’ பொத்தானை அழுத்தி உங்கள் கோப்புகளைச் சேர்க்கலாம். காலிபர் ஒவ்வொரு கோப்பையும் தன் நூலகக் கோப்புறைக்குள் படியெடுத்துக்கொள்ளும். உங்கள் பழைய கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். நூலகக் கோப்புறைக்குள் இருக்கும் பெயர்கள் நமக்குப் பழக்கமில்லாத வடிவில் இருக்கலாம். அங்கே நேரடியாகப் போய்ப் பெயர் மாற்றவோ, இடம் மாற்றவோ கூடாது. எல்லாவற்றையும் காலிபரின் திரையிலிருந்தே செய்ய வேண்டும்.

கோப்பைத் தேர்ந்தெடுத்து ‘எடிட் மெட்டாடேட்டா’ என்பதைத் திறந்தால் தலைப்பு, ஆசிரியர், டேக்ஸ் முதலிய கட்டங்கள் வரும். டேக்ஸ் கட்டத்தில் குறிச்சொற்களைக் காற்புள்ளி இட்டு எழுத வேண்டும். இங்கேயே தலைப்பையும் சரிசெய்துவிடுங்கள். வாட்ஸ்அப் வழியாக வரும் கோப்புகளின் பெயரில் பல நேரங்களில் தேதியும் எண்ணும் மட்டுமே இருக்கும். அந்தப் பெயரை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பல கோப்புகளை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தும் குறிச்சொல் சேர்க்கலாம். ஆறாம் வகுப்பு அறிவியல் கோப்புகள் முப்பது இருந்தால், முப்பதையும் தேர்ந்தெடுத்து ‘வகுப்பு 6, அறிவியல்’ என்று ஒரே முறையில் இட்டுவிடலாம். பிறகு கருத்தும் வகையும் மட்டும் தனித்தனியாக இட வேண்டியிருக்கும்.

திரையின் இடப்பக்கத்தில் ‘டேக் பிரவுசர்’ என்னும் பகுதி இருக்கும். நீங்கள் இட்ட குறிச்சொற்கள் எல்லாம் அங்கே பட்டியலாகத் தெரியும். ‘கணக்கு’, ‘கணிதம்’ என்று இரண்டு சொற்கள் கலந்துவிட்டிருந்தால், ஒன்றின் பெயரை மற்றதாக அங்கே மாற்றினால் போதும். எல்லாக் கோப்புகளிலும் மாறிவிடும்.

தேடல் வரி எழுதுவது

திரையின் மேற்பகுதியில் தேடல் கட்டம் இருக்கிறது. அங்கே வெறுமனே ‘பின்னங்கள்’ என்று அடித்தால் தலைப்பு, குறிச்சொல், குறிப்பு என எல்லாவற்றிலும் அந்தச் சொல்லைத் தேடும். எங்கே தேட வேண்டும் என்று குறிப்பிட, துறையின் பெயரையும் முக்காற்புள்ளியையும் முன்னால் சேர்க்க வேண்டும்.

டேக்ஸ்:பின்னங்கள்
டைட்டில்:பின்னங்கள்
ஃபார்மேட்:பிடிஎஃப்

முதல் வரி குறிச்சொல்லில் மட்டும் தேடும். இரண்டாவது தலைப்பில் மட்டும். மூன்றாவது பிடிஎஃப் வடிவக் கோப்புகளை மட்டும் தரும். இந்தக் கட்டுரையில் வாசிப்பதற்காக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் டேக்ஸ், டைட்டில், அண்ட், ஆர், நாட் போன்ற கட்டளைச் சொற்களையும் கோப்பு வடிவத்தின் பெயரையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். நீங்கள் தமிழில் இட்ட குறிச்சொல்லைத் தமிழிலேயே அடியுங்கள். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட வேண்டாம்.

இனி மூன்று இணைப்புச் சொற்கள்: அண்ட், ஆர், நாட்.

டேக்ஸ்:பின்னங்கள் அண்ட் டேக்ஸ்:பயிற்சித்தாள்

இரண்டு குறிச்சொல்லும் உள்ள கோப்புகள் மட்டும் வரும். கண மொழியில் சொன்னால் இது வெட்டு.

டேக்ஸ்:பின்னங்கள் ஆர் டேக்ஸ்:தசமங்கள்

இரண்டில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் வரும். இது சேர்ப்பு.

டேக்ஸ்:பின்னங்கள் அண்ட் நாட் டேக்ஸ்:விடைக்குறிப்பு

பின்னங்கள் பற்றியவற்றில் விடைக்குறிப்புகளை நீக்கி மற்றவை வரும். இது வித்தியாசம்.

தமிழ் பேசும் நமக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ‘நான்காம் வகுப்புத் தாள்களும் ஐந்தாம் வகுப்புத் தாள்களும் வேண்டும்’ என்று பேச்சில் ‘உம்’ போட்டுச் சொல்கிறோம். அதை அப்படியே ‘அண்ட்’ என்று எழுதினால், இரண்டு வகுப்புக் குறிச்சொற்களும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும் என்று கணினி பொருள் கொள்ளும். பெரும்பாலும் ஒன்றும் வராது. நமக்கு வேண்டியது ‘ஆர்’. எழுதும் முன் ஒரு கோப்பை மனத்தில் நிறுத்தி, ‘இந்த ஒரே கோப்பில் இரண்டும் இருக்க வேண்டுமா, ஏதேனும் ஒன்று இருந்தால் போதுமா?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை தானாக வரும்.

சமக்குறியின் வேலை

காலிபர் இயல்பாக, நாம் தந்த எழுத்துகள் குறிச்சொல்லின் எந்தப் பகுதியில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். ‘டேக்ஸ்:தமிழ்’ என்று தேடினால் ‘தமிழ்’ மட்டுமல்ல, ‘தமிழ்நாடு’ என்ற குறிச்சொல் உள்ள சமூக அறிவியல் கோப்புகளும் வரும். வகுப்பு எண்ணில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ‘வகுப்பு 1’ என்று தேடினால் வகுப்பு 10, 11, 12 எல்லாம் சேர்ந்து வந்துவிடும்.

முழுதும் பொருந்துவதை மட்டும் எடுக்கச் சமக்குறி இட வேண்டும். குறிச்சொல்லில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும்.

டேக்ஸ்:"=வகுப்பு 1"
டேக்ஸ்:"=தமிழ்"

இன்னொரு வசதியும் உண்டு. குறிச்சொல்லைப் புள்ளி இட்டுக் கிளைகளாக அமைக்கலாம்: அறிவியல்.ஒளி, அறிவியல்.ஒலி, அறிவியல்.வெப்பம். ‘டேக்ஸ்:"=.அறிவியல்"’ என்று சமக்குறிக்குப் பின் ஒரு புள்ளி சேர்த்துத் தேடினால் அறிவியலும் அதன் கிளைகளும் மொத்தமாக வரும். புள்ளிக்கு இப்படி ஒரு தனிப்பொருள் இருப்பதால், மற்ற குறிச்சொற்களில் சுருக்கத்துக்காகப் புள்ளி இடுவதைத் தவிர்ப்பது நல்லது.

அடைப்புக்குறியும் டி மார்கனும்

கூட்டலும் பெருக்கலும் கலந்து வந்தால் முதலில் பெருக்க வேண்டும் என்று கற்பிக்கிறோம். தேடல் வரியிலும் அப்படி ஒரு வரிசை உண்டு. ஆர் என்பதைவிட அண்ட் முன்னதாகச் செயல்படும். இந்த வரியைப் பாருங்கள்.

டேக்ஸ்:"=வகுப்பு 4" ஆர் டேக்ஸ்:"=வகுப்பு 5" அண்ட் டேக்ஸ்:பின்னங்கள்

நாம் எதிர்பார்ப்பது நான்கு, ஐந்து ஆகிய இரு வகுப்புகளின் பின்னக் கோப்புகள். கிடைப்பதோ நான்காம் வகுப்பின் எல்லாக் கோப்புகளும், ஐந்தாம் வகுப்பின் பின்னக் கோப்புகளும். அடைப்புக்குறி இட்டால் சரியாகிவிடும்.

(டேக்ஸ்:"=வகுப்பு 4" ஆர் டேக்ஸ்:"=வகுப்பு 5") அண்ட் டேக்ஸ்:பின்னங்கள்

நாட் என்பதையும் கவனமாகக் கையாள வேண்டும். ‘வினாத்தாளும் வேண்டாம், விடைக்குறிப்பும் வேண்டாம்’ என்பதை எப்படி எழுதுவது? ‘நாட் வினாத்தாள் ஆர் நாட் விடைக்குறிப்பு’ என்று எழுதினால் ஒன்றுமே நீங்காது. வினாத்தாள் ஒன்று விடைக்குறிப்பாக இல்லாததால் உள்ளே வந்துவிடும். விடைக்குறிப்பு வினாத்தாளாக இல்லாததால் உள்ளே வந்துவிடும். சரியான வரி இது.

நாட் (டேக்ஸ்:வினாத்தாள் ஆர் டேக்ஸ்:விடைக்குறிப்பு)

இதையே ‘நாட் வினாத்தாள் அண்ட் நாட் விடைக்குறிப்பு’ என்றும் எழுதலாம். சேர்ப்பின் நிரப்பு, நிரப்புகளின் வெட்டுக்குச் சமம். ஆம், இதுதான் டி மார்கன் விதி. அந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் பிறந்தது நம் மதுரையில். அண்ட், ஆர், நாட் ஆகியவற்றை இயற்கணிதம்போல் கையாளும் முறையை உருவாக்கிய ஜார்ஜ் பூலும் பேராசிரியர் ஆவதற்கு முன் பள்ளி நடத்தியவர். தர்க்க விதிகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1854-இல் வெளிவந்தது. கண மொழிப் பாடம் தேர்வுக்கு மட்டும் உரியது என்று மாணவர்கள் நினைப்பார்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு தேடல் வரியை எழுதிக் காட்டினால், அந்தப் பாடம் எங்கே வேலை செய்கிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

நாள், அளவு, விடுபட்டவை

குறிச்சொல்லோடு வேறு சில துறைகளையும் இணைக்கலாம்.

டேட்:திஸ்மன்த் என்று அடித்தால் இந்த மாதம் சேர்த்தவை வரும். டேட்:>=2025-06-01 என்றால் அந்த நாளும் அதற்குப் பின்னும் சேர்த்தவை. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும். இது நூலகத்தில் நாம் சேர்த்த நாள். ஆவணம் உருவான நாள் அன்று.

சைஸ்:>20எம் என்றால் 20 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகள். பென் டிரைவில் இடம் போதாதபோது பயன்படும்.

டேக்ஸ்:ஃபால்ஸ் என்றால் ஒரு குறிச்சொல்கூட இடாத கோப்புகள். எனக்கு மிகவும் பயன்படுவது இந்த வரிதான். வாரம் முழுதும் வரும் கோப்புகளை அப்படியே சேர்த்துவிடுவேன். வெள்ளிக்கிழமை மாலை இந்த வரியை அடித்தால் வேலை மிச்சமிருப்பவை வரிசையாக நிற்கும். ஒரு கோப்புக்கு அரை நிமிடம் ஆகும். பட்டியல் காலியானதும் கணினியை மூடிவிடுவேன்.

அடிக்கடி தேவைப்படும் வரியை ஒரு பெயர் தந்து சேமித்தும் வைக்கலாம். அடுத்த முறை முழு வரியையும் அடிக்க வேண்டியதில்லை. பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். சேமித்த தேடல் முடிவுகளை நினைவில் வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடும். நேற்று சேர்த்த கோப்பும் இன்றைய முடிவில் வரும்.

தமிழில் தேடும்போது

தமிழ்ச் சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது வடிவம் மாறுகின்றன. தலைப்பில் ‘பின்னம்’ என்று தேடினால் ‘பின்னங்கள்’, ‘பின்னத்தைச் சுருக்குதல்’ ஆகிய தலைப்புகள் வராது. சொல்லின் மாறாத பகுதியான ‘பின்ன’ என்பதைத் தந்தால் எல்லாம் வரும். கூடவே ‘பின்னர்’, ‘பின்னல்’ என்ற சொற்கள் உள்ளவையும் வரக்கூடும். ஆகவே தலைப்பில் தேடும்போது சொல்லின் அடியைத் தாருங்கள். குறிச்சொல்லிலோ ஒரே வடிவத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எழுத்துரு. பழைய ஆவணங்கள் பல வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய எண்கள். ஒருங்குறியில் ‘ஒளி’ என்று தேடினால் அந்த ஆவணத்தின் உள்ளே அந்தச் சொல் கிடைக்காது. நகலெடுத்துப் படமாக மாற்றிய தாள்களிலும் இதே நிலைதான். அங்கே எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது. 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து காலிபர் கோப்பின் உள்ளேயும் தேடும் வசதியைத் தருகிறது. ஆனால் இவ்விரு வகைக் கோப்புகளுக்கும் அது உதவாது.

நல்ல வினாத்தாள்களும் பழைய கையேடுகளும் பெரும்பாலும் இவ்விரு வகைகளில்தான் நம்மிடம் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒருங்குறியில் நாம் ஒட்டும் குறிச்சொல்தான் அவற்றை மீண்டும் தேடலுக்குள் கொண்டுவருகிறது. உள்ளடக்கத்தைக் கணினியே தேடிக்கொள்ளும்போது குறிச்சொல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. ‘மெல்லக் கற்போருக்கு ஏற்றது’ என்பது எந்தத் தாளின் உள்ளேயும் எழுதியிருப்பதில்லை. அது வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த ஆசிரியருக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

மென்பொருள் நிறுவ இயலாதவர்களுக்கு

விண்டோஸ் கோப்பு உலாவியின் தேடல் கட்டத்திலும் இதே மூன்று இணைப்புச் சொற்கள் செயல்படும். அங்கே அவற்றைப் பெரிய ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். வேர்டு கோப்பின் மேல் வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ் என்று சென்றால் டேக்ஸ் என்ற வரி இருக்கும். அங்கே குறிச்சொல் இடலாம். பிடிஎஃப் கோப்புகளுக்கு இந்த வசதி இயல்பாக இல்லை. அவற்றுக்குக் கோப்பின் பெயரிலேயே குறிச்சொற்களை அடுக்குவது எளிய வழி: ‘வகுப்பு 5 கணக்கு பின்னங்கள் பயிற்சித்தாள்’ என்று.

கூகுள் டிரைவில் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பெயரிடும் முறை பொருந்தும். அங்கே டைப்:பிடிஎஃப் என்று வடிவத்தையும், ஓனர்:மீ என்று நம்முடையதையும், ஆஃப்டர்:2025-06-01 என்று நாளையும் குறிப்பிடலாம். வேண்டாத சொல்லின் முன்னால் கழித்தல் குறி இட்டால் அது நீங்கும். மென்பொருளுக்கு மென்பொருள் குறிகள் மாறும். வெட்டு, சேர்ப்பு, நிரப்பு ஆகிய மூன்றும் மாறாது.

வகுப்பறையில் இதன் பயன்

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் சென்று, மாதங்கள் கழித்துத் திரும்பும் பிள்ளைகளை நம்மில் பலர் அறிவோம். வயதுக்கேற்ப ஏழாம் வகுப்பில் அமர்ந்திருப்பார். பின்னத்தில் நான்காம் வகுப்பின் நிலையில் இருப்பார். அவர் திரும்பி வந்த அன்றே, மற்ற பிள்ளைகள் வேலையில் இருக்கும்போதே, அவர் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டும். நாளைக்குத் தேடி எடுத்து வருகிறேன் என்றால், அந்த முதல் நாளை அவர் கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்து கழிப்பார். சில பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாளே பள்ளி நமக்கானதன்று என்று முடிவு செய்யப் போதுமானதாகிவிடுகிறது.

(டேக்ஸ்:"=வகுப்பு 4" ஆர் டேக்ஸ்:"=வகுப்பு 5") அண்ட் டேக்ஸ்:பின்னங்கள் அண்ட் டேக்ஸ்:பயிற்சித்தாள் அண்ட் டேக்ஸ்:"மெல்லக் கற்போர்"

இந்த வரியை நான் பெயரிட்டுச் சேமித்து வைத்திருக்கிறேன். தேர்ந்தெடுத்தால் நான்கைந்து தாள்கள் வரும். ஒன்றை அச்சிட்டுக் கொடுத்துவிட்டு வகுப்பைத் தொடரலாம். ‘பின்னங்கள்’ இருந்த இடத்தில் ‘வகுத்தல்’, ‘இடமதிப்பு’ என்று மாற்றி இன்னும் சில வரிகளும் சேமித்திருக்கிறேன். அந்தத் தாள்களில் பெரும்பாலானவை நம் எல்லோரிடமும் ஏற்கெனவே இருப்பவை. ஆனால் பிள்ளை காத்திருக்கும் நேரத்தில் கைக்கு வராத தாளும் இல்லாத தாளும் அந்தப் பிள்ளைக்கு ஒன்றுதான்.

பணியிட மாறுதலின்போதும் இது பயன்படும். காலிபரின் நூலகக் கோப்புறையை முழுதாகப் படியெடுத்துக் கொடுத்தால், அடுத்து வரும் ஆசிரியர் தன் கணினியில் காலிபர் வழியாக அதைத் திறக்கலாம். குறிச்சொற்கள் கோப்புகளோடு சேர்ந்தே போகும். எந்தத் தாள் எந்தப் பிள்ளைகளுக்கு உதவியது என்ற அனுபவமும் அவற்றோடு கைமாறும். கொடுக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மாணவர் பெயர்ப்பட்டியல், மதிப்பெண் பட்டியல், உடல்நலக் குறிப்பு போன்றவற்றை இந்த நூலகத்தில் சேர்க்கவே கூடாது. மாணவர் பெயரைக் குறிச்சொல்லாகவும் இடக் கூடாது. இது பாடப்பொருள்களுக்கான இடம் மட்டுமே. படியெடுத்த கோப்புறையை மாதம் ஒரு முறை வெளி வன்தட்டிலும் சேமித்து வைப்பது நல்லது.

எங்கே தொடங்குவது?

பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் அனைத்துக்கும் ஒரே மூச்சில் குறிச்சொல் இட முயல வேண்டாம். அடுத்த இரண்டு வாரங்களில் நடத்தப்போகும் பாடத்துக்கான இருபது கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விகளையும் கேட்டுக் குறிச்சொல் இடுங்கள். பயன்படுத்திய சொற்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு மூன்று தேடல் வரிகளை எழுதிப் பாருங்கள்: அண்ட் உள்ளது ஒன்று, ஆர் உள்ளது ஒன்று, நாட் உள்ளது ஒன்று. வந்த முடிவு எதிர்பார்த்ததுதானா என்று சரிபாருங்கள். பழைய கோப்புகளை, தேவைப்பட்டுத் தேடி எடுக்கும் நாளில் மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கல்வியாண்டு முடிவதற்குள், நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் கோப்புகள் எல்லாம் நூலகத்துக்குள் வந்திருக்கும்.

ஒரே பள்ளியில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து செய்தால் இன்னும் எளிது. அப்போது முதல் வேலை மென்பொருளை நிறுவுவதன்று. ஒரு மதிய இடைவேளையில் கூடி உட்கார்ந்து, ‘கணக்கு’ என்று எழுதுவதா, ‘கணிதம்’ என்று எழுதுவதா என்று முடிவு செய்வதுதான்.